பசியை எண்ணுவது யார்?

போர் நடக்கும் நாட்டுக்கு மனிதாபிமான உதவி என்றதும் நம்மில் பலருக்கு ஒரே காட்சிதான் நினைவுக்கு வருகிறது. துறைமுகத்தில் அரிசி மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும், முக்கியப் பிரமுகர் கொடியசைப்பார், கப்பல் புறப்படும். அந்த மூட்டைகள் எவர் வீட்டு அடுப்புக்குச் சென்றன, யார் பட்டியல் போட்டார்கள், பட்டியலில் இடம்பெறாதவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்கு நாளேடுகளில் இடம் கிடைப்பதில்லை.

இப்போது அவற்றைக் கேட்டாக வேண்டிய காலம் வந்துவிட்டது. ஐ.நா. கணக்கின்படி 2024-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 383 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டனர். அதற்கு முன் எந்த ஆண்டிலும் இத்தனை பேர் பலியானதில்லை. ஏறத்தாழ பாதிப் பேர் காஸாவில் இறந்தார்கள்; சூடானில் இறந்தவர்களும் பலர். கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டையே சேர்ந்த சாதாரண ஊழியர்கள். மறுபுறம், அறுபதாண்டுகளுக்கும் மேலாக உலகின் மிகப் பெரிய கொடையாளி அமைப்பாக விளங்கிய அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1-ஆம் தேதியுடன் தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. வெற்றிடம் பெரியது. அதில் ஒரு பகுதியையாவது இந்தியா நிரப்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அண்டை நாடுகளில் உண்டு. நமக்கு அதற்கான பணம் ஓரளவு இருக்கிறது. பயிற்சி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

முப்பதாண்டுகளுக்கு மேல் காரைக்குடிப் பகுதியில் பொருளியல் கற்பித்தவன் நான். பஞ்சம் குறித்துப் பாடம் நடத்தும்போதெல்லாம் 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்திலிருந்துதான் தொடங்குவேன். பர்மா ஜப்பானியர் வசமானதால் அரிசி வரத்து நின்றது என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் வேறொன்றைக் காட்டினார்: நாட்டில் உணவு இல்லாமல் போனதைவிட, இருந்த உணவைப் பெறும் உரிமையை எளியோர் இழந்ததே லட்சக்கணக்கானோரின் சாவுக்குக் காரணம். அமைதிக் காலத்தில் அந்த உரிமை என்பது கூலியும் விலையும். போர்க் காலத்தில் கூலியும் இல்லை, சந்தையும் இல்லை. அப்போது ஒரு மனிதனின் உணவு உரிமை என்பது ஏதோ ஓர் அலுவலர் வைத்திருக்கும் பேரேட்டில் அவன் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்பதாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே, உதவித் திட்டத்தின் உண்மையான தலைவர் என்று நான் கருதுவது, எத்தனை பேர் பசித்திருக்கிறார்கள் என்று எண்ணி, அந்த எண்ணை யார் மிரட்டினாலும் மாற்றாமல் வைத்திருப்பவரைத்தான்.

இதற்கு நாம் சூடானுக்குப் போக வேண்டியதில்லை. நம் கடற்கரையிலிருந்து சில மணி நேரப் படகுப் பயணத் தொலைவில் 2008, 2009-ஆம் ஆண்டுகளில் நடந்ததே போதும்.

2008 செப்டம்பரில் இலங்கை அரசு, வன்னியில் உதவிப் பணியாளர்களின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அறிவித்து அவர்களை வெளியேறச் சொன்னது. ஐ.நா. அமைப்புகளின் வெளிநாட்டுப் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு நீங்கினர். போக வேண்டாம் என்று மக்கள் அலுவலக வாசலில் கூடி மன்றாடினார்கள். எஞ்சியவர்கள் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவினர், உள்ளூர்த் தமிழ் ஊழியர்கள், ஒரு சில மருத்துவர்கள், பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் அரசாங்க அதிபர்களும் அவர்களுக்குக் கீழிருந்த அலுவலர்களும். அரசாங்க அதிபர் என்பது நம் ஊர் மாவட்ட ஆட்சியருக்கு நிகரான பதவி. விசித்திரமான நிலை அது. சம்பளம் கொழும்பிலிருந்து வரும்; பணியாற்றும் நிலமோ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில். இரு தரப்பின் சந்தேகத்துக்கும் ஆளான இந்த அலுவலர்கள்தாம் கிராம சேவகர்களைக் கொண்டு குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்தார்கள்.

அவர்கள் கொடுத்த எண்ணிக்கை மூன்று லட்சத்துக்கும் மேல். கொழும்பிலிருந்து அரசுத் தரப்பினர் வெளியில் சொன்ன எண்ணிக்கை 70,000-இல் இருந்து ஒரு லட்சம் வரை. இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை வெறும் புள்ளிவிவரச் சிக்கலாகக் கருத முடியாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ உலர் உணவு என்று எளிதாகக் கணக்கிட்டுக்கொள்வோம். மூன்று லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 150 டன் வேண்டும். 70,000 பேருக்கு 35 டன் போதும். 70,000 பேருக்கான உணவை மூன்று லட்சம் பேர் பகிர்ந்துகொண்டால் தலைக்குக் கிடைப்பது 117 கிராம். மருந்துக்கும் இதே விகிதம்தான். மயக்க மருந்தும் ரத்தப் பைகளும் இந்த எண்ணிக்கையை வைத்தே அனுமதிக்கப்பட்டன அல்லது மறுக்கப்பட்டன.

2009 மே மாதம் போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,80,000-க்கும் அதிகம். இறந்தவர்களைச் சேர்க்காமலே இந்த எண்ணிக்கை. வன்னியில் இருந்த அலுவலர்கள் எழுதிய கணக்கே சரி என்று அந்தத் தலைகள் சாட்சி சொல்லின. ஐ.நா. தலைமைச் செயலர் நியமித்த நிபுணர் குழு 2011-இல் அளித்த அறிக்கை, மக்கள்தொகையைக் குறைத்துக் காட்டியது உணவையும் மருந்தையும் கட்டுப்படுத்தும் வழியாக இருந்தது என்ற முடிவுக்கு வந்தது. 2012 நவம்பரில் வெளியான ஐ.நா.வின் உள் ஆய்வு அறிக்கை ஒரு படி மேலே போய், ஐ.நா. அமைப்பே தன் கடமையில் தோற்றது என்று ஒப்புக்கொண்டது. தங்களிடம் இருந்த உயிரிழப்புக் கணக்கை உரிய நேரத்தில் உரக்கச் சொல்லத் தயங்கினார்கள் என்பது அதன் சாரம்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வன்னி மக்கள் வெளியேறுவதைப் புலிகள் தடுத்தார்கள். இளையோரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். ஐ.நா.வின் உள்ளூர் ஊழியர்களுடைய குடும்பத்தினர்கூட வெளியேற அனுமதிக்கப்படவில்லை. பசித்த மக்கள்தொகை ஒரு தரப்புக்குக் குறைத்துக் காட்ட வேண்டிய எண்ணாகவும், இன்னொரு தரப்புக்குக் கைவிட முடியாத கேடயமாகவும் இருந்தது. இடையில் அகப்பட்டவர்கள் எண்ணப்பட்டவர்களும், எண்ணியவர்களும்.

அந்த நாள்களில் ஓரளவு செயல்பட முடிந்த அமைப்பு செஞ்சிலுவைக் குழு ஒன்றுதான். 2009 ஜனவரி நடுப்பகுதிக்குப் பின் தரைவழி உணவு லாரிகள் நின்றுபோயின. பிப்ரவரி 10 முதல் மே தொடக்கம் வரை அதன் கப்பல் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்க, மீனவர் படகுகளில் காயமுற்றோரை ஏற்றி வந்து சேர்த்தார்கள். இவ்வாறு மீட்கப்பட்ட நோயாளிகளும் உடன் வந்த உறவினர்களும் ஏறத்தாழ 14,000 பேர். அந்தக் குழுவின் உள்ளூர் ஊழியர்களில் மூவர் அந்த மாதங்களில் உயிரிழந்தார்கள். இந்திய மருத்துவக் குழு ஒன்று மார்ச் மாதம் புல்மோட்டையில் கள மருத்துவமனை அமைத்து அவர்களுக்குச் சிகிச்சை அளித்தது. பின்னர் செட்டிகுளம் முகாம் பகுதிக்கு இடம்பெயர்ந்து, செப்டம்பர் வரை 50,000-க்கும் மேற்பட்டோரைக் கவனித்தது. அன்று தமிழ்நாட்டில் கொந்தளித்துக்கொண்டிருந்த உணர்ச்சிப் பெருக்கில் இந்த மருத்துவர்களின் பணி எவர் கண்ணிலும் படவில்லை. அவர்களுக்கு நாம் நன்றி சொன்னதாகவும் எனக்கு நினைவில்லை.

செஞ்சிலுவைக் குழுவுக்கு மட்டும் வழி கிடைத்ததன் காரணம் அதன் மௌனம். கண்டதை வெளியே சொல்வதில்லை என்ற உடன்பாட்டின் பேரில்தான் அது எல்லாத் தரப்பிடமும் அனுமதி பெறுகிறது. இது சரியா? என் மாணவர்கள் பலமுறை என்னுடன் வாதிட்டிருக்கிறார்கள். எல்லா அமைப்புகளும் மௌனமாக இருந்தால் குற்றம் மறைந்துவிடும். எல்லா அமைப்புகளும் பேசினால் கப்பல் நின்றுவிடும். காயமுற்றவனை ஏற்றிச் செல்பவர் வாய் திறக்காமல் இருக்கலாம்; ஆனால், எண்களைத் தொகுத்து வைத்திருப்பவர் பேசியே ஆக வேண்டும். 2009-இல் ஐ.நா. ஏற்றிச் செல்பவராகவும் இல்லை, பேசுபவராகவும் இல்லை. அதன் தோல்வி அந்த இடைவெளியில்தான் நிகழ்ந்தது.

எண்ணிக்கையைக் கருவியாக்குவது இலங்கையின் கண்டுபிடிப்பும் அல்ல. காஸா முற்றுகையின்போது, தலைக்கு நாளொன்றுக்கு 2,279 கலோரி வேண்டும், அதற்கு இத்தனை லாரிகள் போதும் என்று இஸ்ரேலியப் பாதுகாப்புத் துறை 2008-இல் தயாரித்த ஆவணம், அந்நாட்டு மனித உரிமை அமைப்பு ஒன்றின் நீண்ட நீதிமன்றப் போராட்டத்துக்குப் பின் 2012-இல் வெளியே வந்தது. அந்த ஆவணம் வெறும் வரைவு என்பது அரசின் விளக்கம். இருக்கட்டும். மக்களின் பசியை முற்றுகையிடும் தரப்பே கணக்கிடும் நிலை வந்துவிட்டால் பிறகு உதவி என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

நம் பக்கத்துக் கப்பல் கதைகளுக்கு வருகிறேன். 1987 ஜூன் 3-ஆம் தேதி, ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருள்களுடன் புறப்பட்ட 19 படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானப் படையின் ஐந்து சரக்கு விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது ஏறத்தாழ 25 டன் பொருள்களை வீசின. 'பூமாலை' என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். அன்று செட்டிநாட்டுக் கிராமங்களிலும் இனிப்பு வழங்கிக் கொண்டாடினார்கள். அரைக் கிலோ கணக்கில் பார்த்தால் 25 டன் என்பது 50,000 பேருக்கு ஒரு நாள் உணவு. யாழ் குடாநாட்டின் மக்கள்தொகையோ அதைப் போலப் பல மடங்கு. அந்த மூட்டைகள் யாழ்ப்பாணத்தின் பசிக்காக விழுந்தவை அல்ல. கொழும்புக்கு அனுப்பிய கடிதம் அது. அரசியலில் அதற்கு விளைவு இருந்தது. எட்டு வாரங்களுக்குள் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. உதவித் திட்டமாக அதை எடுத்துக்கொண்டால் மதிப்பெண் போடுவது கடினம்.

2009-இல் ஐரோப்பியத் தமிழர்கள் தம் வீட்டுச் சமையலறைகளிலிருந்து திரட்டிய 884 டன் பொருள்களுடன் 'வணங்காமண்' என்று பெயரிட்டு ஒரு கப்பலை அனுப்பினார்கள். அது வருவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஜூன் முதல் வாரத்தில் கடற்படை மறித்துச் சோதனையிட்டுத் திருப்பி அனுப்பியது. சென்னைக்கு வெளியே நாள்கணக்கில் நின்றது. பிறகு பொருள்கள் வேறு கப்பலுக்கு மாற்றப்பட்டுக் கொழும்பு சென்று, அங்கே துறைமுகக் கட்டணத் தகராறில் மாதக்கணக்கில் கிடந்தன. மூன்று லட்சம் பேருக்கு ஆறு நாள் உணவு அது. அனுப்பியவர்களின் அன்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், அனுமதி என்பதைக் கப்பல் புறப்பட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் திட்டம் முகாமில் இருக்கும் குழந்தைக்கு ஒரு கரண்டி மாவைக்கூடக் கொண்டு சேர்க்காது.

இவற்றோடு 2022-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். இலங்கை பொருளாதார நெருக்கடியில் மூழ்கியபோது தமிழ்நாடு அரசு உதவ முன்வந்தது. வெளியுறவு மத்திய அரசின் அதிகாரம் என்பதால் முதல்வர் பிரதமரைச் சந்தித்தார், ஏப்ரல் 29-இல் சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது, ஒப்புதல் வந்தது, மே 18-இல் முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. மொத்தம் 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள்; மதிப்பு 123 கோடி ரூபாய். நான் பாராட்டுவது இதில் ஒரு திருத்தத்தை. முதலில் இலங்கைத் தமிழர்களுக்கு அனுப்புவதாகவே பேச்சு இருந்தது. எங்களுக்கு மட்டும் என்று பிரித்து அனுப்பாதீர்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று இலங்கைத் தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டார்கள். முதல்வர் அதைப் பேரவையிலேயே குறிப்பிட்டார். அவ்வாறே சிங்களர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் எனப் பாகுபாடின்றி மூட்டைகள் சென்றன. 2.2 கோடி மக்களுக்கு 40,000 டன் என்பது தலைக்கு இரண்டு கிலோவுக்கும் குறைவு. அளவு பெரிதல்ல. ஆனால், வறிய குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துப் பத்துக் கிலோ பைகளாகக் கொடுத்ததால் அது போக வேண்டிய அடுப்புக்குப் போயிற்று. பாகுபாடின்மை என்பதை அறநூல் வாசகமாக மட்டும் எண்ண வேண்டாம்; கொடுப்பவரை அடுத்த முறையும் உள்ளே விடுவதற்கு அதுதான் நுழைவுச் சீட்டு.

இதற்கு நேர்மாறான நிலையை எங்கள் பகுதி மூத்தோர் 1942-இல் பார்த்தவர்கள். பர்மாவிலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் வெளியேறியபோது, வெள்ளையருக்கு ஒரு பாதையும் கறுப்பருக்கு ஒரு பாதையும் என்று வெளியேற்றமே பிரிக்கப்பட்டிருந்தது. வழியில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். பர்மாத் தேக்கில் கட்டிய வீடுகளைப் பார்க்க இன்று காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அராக்கான் மலைப்பாதையில் மடிந்த கூலித் தொழிலாளர்களுக்கு எந்த ஊரிலும் வீடு இல்லை.

போருக்குப் பிந்திய மறுகட்டுமானத்தில் இந்தியாவின் மிகப் பெரிய முயற்சி இலங்கையில் 50,000 வீடுகள் கட்டும் திட்டம். 2010 ஜூனில் அறிவிக்கப்பட்டது. முதலில் முன்னோட்டமாக 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர் மூலம் கட்டினார்கள். 2010 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஆயிரம் வீடுகளும் முடிய 2012-இன் நடுப்பகுதி ஆகிவிட்டது. அந்த வேகத்தில் போனால் 50,000 வீடுகளுக்கு ஒரு தலைமுறை போதாது. அங்கேதான் திட்டத்தை நடத்தியவர்கள் ஒரு நல்ல முடிவெடுத்தார்கள். 2012 அக்டோபர் 2 முதல் ஒப்பந்தக்காரரை விலக்கிவிட்டு, வீட்டுக்குரியவரையே கட்டச் சொன்னார்கள். புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், பழுதுபார்க்க 2,50,000. இந்தியத் தூதரகத்திலிருந்து பயனாளியின் வங்கிக் கணக்குக்கே தவணை தவணையாகப் பணம் சென்றது. அடித்தளம் முடிந்ததைப் பார்த்து ஒரு தவணை, சுவர் எழுந்ததைப் பார்த்து ஒரு தவணை. ஐ.நா. குடியிருப்பு அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை தொழில்நுட்ப உதவி செய்தன. 45,000 வீடுகள் கொண்ட அந்தக் கட்டத்தின் பெரும்பகுதி 2015 முடிவதற்குள் நிறைவேறிவிட்டது. மலையகத்தில் 4,000 வீடுகள் பின்னர் தனிக் கட்டமாகத் தொடங்கின. மொத்தச் செலவு 1,372 கோடி இந்திய ரூபாய்.

ஒரு பெண் தன் வீட்டின் சன்னல் கிழக்கே வர வேண்டுமா வடக்கே வர வேண்டுமா என்று தானே முடிவு செய்வது சிறிய செய்தி அல்ல. நான்கு ஆண்டுகள் கூடாரத்திலும் தகரக் கொட்டகையிலும், எப்போது சாப்பிடுவது என்பதைக்கூட மணியடித்துச் சொல்லும் முகாமிலும் வாழ்ந்தவருக்கு அந்த முடிவு முதல் சுதந்திரம். பணத்தைக் கையில் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள் என்ற பழைய அச்சத்தை இந்தத் திட்டம் பொய்யாக்கியது. இன்று உலகம் முழுவதும் உதவி அமைப்புகள் பொருளுக்குப் பதில் பணம் என்று பேசுகின்றன. நாம் அதைப் பெரிய அளவில் செய்து காட்டிவிட்டு, அதைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல நூல்கூட எழுதாமல் இருக்கிறோம்.

ஆனால், வட்டிக் கணக்கு எழுதிப் பழகிய மண்ணில் பிறந்தவனுக்கு இன்னொரு பக்கமும் கண்ணில் படாமல் போகாது. மானியத் தொகை நிலையாக நிற்க, சீமெந்தும் மணலும் கொத்தனார் கூலியும் ஏறின. ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் ஒரே பகுதியில் எழும்போது விலை ஏறாமல் என்ன செய்யும்? முதலாண்டு மாணவரே சொல்லிவிடுவார். அடுத்த தவணை வர வேண்டுமானால் இந்தக் கட்டத்தை முடித்தாக வேண்டும். முடிக்கக் கையில் பணம் இல்லை. எஞ்சியிருந்த நகை அடகுக் கடைக்குப் போயிற்று. மகள் திருமண வயதில் இருக்கிறாள், இன்னோர் அறை வேண்டும் என்று திட்ட அளவான 550 சதுர அடிக்கு மேல் கட்டியவர்களும் உண்டு. சரியாக அதே காலத்தில் நுண்கடன் நிறுவனங்கள் வடக்கில் கடைவிரித்தன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று பெண்கள் சிக்கிக்கொண்டதும், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதும் செய்தியாயின. 2018-இல் இலங்கை அரசே, வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

பர்மாவில் நகரத்தார் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, கடன் கொடுத்தார்கள். 1930-இல் நெல் விலை சரிந்தது; கடன் திரும்பவில்லை; நிலம் வந்து சேர்ந்தது. அந்நாட்டின் முக்கிய நெல் விளையும் 13 மாவட்டங்களில் 1930-இல் ஆறு விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1930-களின் இறுதிக்குள் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. அதன் அரசியல் விலையை எங்கள் ஊர் இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறது. விலைச் சரிவில் பர்மிய உழவனுக்கு நேர்ந்ததும், விலை ஏற்றத்தில் வன்னிப் பெண்ணுக்கு நேர்ந்ததும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள். பெறுபவரின் கையில் பணம் சேர்வதோடு உதவித் திட்டத்தின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அந்தப் பணத்தைச் சுற்றி எந்தச் சந்தை முளைக்கும், எந்தக் கடன்காரர் வந்து நிற்பார் என்று முன்கூட்டியே கணிக்கத் திட்டத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அவர் பொறியாளராக இருக்க முடியாது.

உள்ளூரிலேயே நமக்குப் பட்டறிவு உண்டு. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 இலங்கைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்திலும் முகாம்கள் உள்ளன. என் வகுப்பில் அங்கிருந்து வந்த மாணவர் ஒருவர் மாதந்தோறும் ஒரு நாள் விடுப்புக் கேட்பார். அன்று முகாமில் 'தணிக்கை'. ஒவ்வொருவரும் நேரில் நின்று தலையெண்ணப்பட்டால்தான் அந்த மாத உதவித்தொகை. 'நான் முப்பது நாளில் ஒரு நாள்தான் சார் கணக்கில் இருக்கிறேன்' என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். பொருளியலில் பட்டம் பெற்றவர் அவர். இப்போது கட்டட வேலைகளுக்கு வண்ணம் பூசுகிறார். குடியுரிமை இல்லாதவருக்கு அரசு வேலை இல்லை. 2021 ஆகஸ்டில் 7,469 வீடுகள் உள்ளிட்ட 317 கோடி ரூபாய்த் திட்டத்தை மாநில அரசு அறிவித்து, அகதிகள் முகாம் என்ற பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வரவேற்கத்தக்கது. நாற்பதாண்டுகளாக ஒரே கூரைக்குக் கீழ் மூன்று தலைமுறை வாழ்ந்த பிறகு அது வந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அந்த மக்களிடமிருந்தே 1984-இல் பிறந்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், உதவி பெறுவோரே உதவியை நடத்த முடியும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் தொடங்கிய அந்த அமைப்பில் ஆசிரியர், சுகாதாரப் பணியாளர், கணக்கர் எல்லாரும் முகாம்வாசிகள். இன்று சூடானில் அரசும் ஐ.நா.வும் எட்ட முடியாத பகுதிகளில் கூட்டுச் சமையல் நடத்தும் 'அவசர உதவி அறைகள்' என்னும் இளைஞர் குழுக்களை உலகம் வியக்கிறது. அந்த அமைப்புமுறை நமக்குப் புதிதல்ல. ஆனால், ஆபத்தும் இவர்களையே முதலில் தொடும். 2006 ஆகஸ்டில் திருகோணமலை மாவட்டம் மூதூரில், பசிக்கெதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேர் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினேழு பேரும் உள்ளூர்க்காரர்கள். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. வெளிநாட்டவருக்கு வெளியேற விமானம் உண்டு, உள்ளூர் ஊழியருக்கு இல்லை என்ற நிலையை ஏற்றுக்கொண்டு எந்தத் திட்டத்தையும் வகுக்கக் கூடாது. இந்திய உதவித் திட்டங்களில் பணிபுரியும் அயல்நாட்டு உள்ளூர் ஊழியருக்குக் காப்பீடும் வெளியேறும் வழியும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

வெளியுறவு அமைச்சகத்தில் 2012 ஜனவரியில் வளர்ச்சிக் கூட்டாண்மை நிர்வாகம் என்ற பிரிவு தொடங்கப்பட்டது. 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் மியான்மருக்கு 350 கோடி, இலங்கைக்கு 300 கோடி, ஆப்கானிஸ்தானுக்கு 100 கோடி ரூபாய் என்று உதவி ஒதுக்கப்பட்டது. மூன்றுமே உள்நாட்டுப் போரை அனுபவித்த அல்லது அனுபவித்துக்கொண்டிருக்கும் நாடுகள். 2025 மார்ச் 28-இல் மியான்மரை நிலநடுக்கம் தாக்கியபோது நம் ராணுவ மருத்துவர்கள் மாண்டலேயில் உடனே மருத்துவமனை அமைத்தார்கள். விரைவில் நமக்கு ஈடில்லை. ஆனால், நிலநடுக்கத்தின் மையப் பகுதியான சகாயிங் வட்டாரத்தின் பெரும்பகுதி ராணுவ ஆட்சியை எதிர்ப்போர் கையில் இருந்தது. ராணுவ அரசின் வழியாக மட்டும் செல்லும் உதவி அங்கே எவ்வளவு தூரம் போகும்? வன்னியில் கேட்ட அதே கேள்வி. அதற்கு விடை தேடும் வேலையை விமானப் படையிடமோ தேசியப் பேரிடர் மீட்புப் படையிடமோ விட முடியாது. எல்லாத் தரப்பிடமும் பேசத் தெரிந்த, பட்டியல் சரிபார்க்கத் தெரிந்த, சந்தை விலையைக் கவனிக்கத் தெரிந்த நிரந்தரப் பணியாளர் தொகுதி ஒன்று வேண்டும்.

பொது விநியோக முறையைத் திறம்பட நடத்தும் மாநிலம் நம்முடையது. சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் பல்லாயிரம் வீடுகள் கட்டிய அனுபவமுள்ள வருவாய்த் துறை அலுவலர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களும் நலமாக இருக்கிறார்கள். இந்த அனுபவத்தை நம் பல்கலைக்கழகங்களில் ஈராண்டுப் படிப்பாக்குவதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. முகாமில் வளர்ந்த பட்டதாரிகளுக்கு அதில் முன்னுரிமை கொடுத்தால், மாதம் ஒரு நாள் எண்ணப்பட்டு வாழ்ந்தவர்கள் எண்ணும் பக்கத்துக்கு வருவார்கள்.

அதற்கு முன் ஒரு சிறிய வேலை நிலுவையில் இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் இந்தியா கட்டிக் கொடுத்த 46,000 வீடுகளில் எத்தனை வீடுகள் இன்று பூட்டிக் கிடக்கின்றன, எத்தனை வீட்டு நகைகள் இன்னும் அடகில் இருக்கின்றன, எத்தனை குடும்பங்கள் அந்தக் கடனுக்காகவே மகளை மேற்காசியாவுக்கு வேலைக்கு அனுப்பியிருக்கின்றன என்று கணக்கெடுக்க வேண்டும். எல்லா வீடுகளுக்கும் போக வேண்டியதில்லை. முறையாகத் தேர்ந்தெடுத்த ஆயிரம் வீடுகள் போதும். கிராம சேவகர்களிடம் பட்டியல் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தூதரகத்தில் தவணை வாரியான பதிவேடுகள் இருக்கின்றன. தொடங்குவதற்குத் தில்லியிலிருந்து ஒரு கடிதம் போதும்.